கப்கேக்கைக் கூரியரில் அனுப்பினால் க்ரீம் நசுங்காமல் போய்ச் சேருமா?

அக்கா மகளுக்கு வருகிற சனிக்கிழமை பத்து வயது நிறைகிறது, நேரில் போக வழியில்லை, பன்னிரண்டு கப்கேக் செய்து கூரியரில் அனுப்ப நினைக்கிறேன், போய்ச் சேர இரண்டு நாள் ஆகும், எந்தப் பெட்டியில் எப்படி வைத்தால் மேலே உள்ள க்ரீம் நசுங்காது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பெட்டியைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அந்தப் பெண் அதைத் திறக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பதுதான் உங்கள் கவலை என்று புரிகிறது. அதற்கான பதிலில் பாதிதான் பெட்டியில் இருக்கிறது. மீதிப் பாதி, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, எதைச் செய்வது, அதன் மேல் எதைத் தடவுவது என்று நீங்கள் எடுக்கும் முடிவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கேக், பிஸ்கட் சுடும் வேலையை முறையாகப் படித்துவிட்டு பதினான்கு ஆண்டுகளாக அதே வேலையில் இருக்கிறேன். கடைசி எட்டு ஆண்டுகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று பார்சலாவது வெளியூருக்குப் போகிறது. முதன்முதலில் அனுப்பிய கப்கேக் பெட்டி இன்றும் நினைவில் இருக்கிறது. க்ரீம் பிழியும் பெரிய நட்சத்திர நாசிலில் உயரமாகச் சுழற்றிய பட்டர்க்ரீம் (வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்த க்ரீம்), ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சர்க்கரைப் பூ. வட்டம் வெட்டிய அட்டைத் தட்டில் உட்காரவைத்து, பெட்டியின் நான்கு பக்கமும் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறி போட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்த பிறகு வந்த புகைப்படத்தில் பன்னிரண்டும் தலைகீழாக மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. வெளிப்பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. முதலில் கொண்டுபோனவர்கள் மேல்தான் கோபம் வந்தது. சில நாள் கழித்து அதே புகைப்படத்தை மறுபடி பார்த்தபோது காரணம் தெரிந்தது. க்ரீம் மூடியில் படக் கூடாதே என்று நான் பார்த்துப் பார்த்து விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளிதான் கேக்குகள் எழுந்து விழ இடம் கொடுத்திருக்கிறது.

நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்சல் கவிழும். யாருடைய அலட்சியமும் அதற்குத் தேவையில்லை. பிரிக்கும் மையங்களில் பெட்டிகள் கன்வேயர் பெல்ட்டில் ஓடி, சறுக்குப் பாதையில் இறங்கி, கூண்டு வண்டிகளில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்கின்றன. அந்த ஓட்டத்தில் அம்புக்குறியைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பார்சல் கட்டுமானத்தைச் சோதிக்க இஸ்டா என்ற பன்னாட்டு அமைப்பு முறைகள் வகுத்திருக்கிறது. அதன் அடிப்படைச் சோதனையில் 10 கிலோவுக்குக் குறைவான பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை கீழே போடுகிறார்கள். ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு பக்கங்கள். 76 சென்டிமீட்டர் என்றால் சாப்பாட்டு மேசையின் உயரம். உங்கள் கப்கேக் பெட்டி மேசையிலிருந்து பத்து முறை விழப்போகிறது என்று எண்ணிக்கொண்டு அடுக்குங்கள். ‘உடையக்கூடியது’ என்ற ஸ்டிக்கரை ஒட்டுவதில் தவறில்லை, வாசலில் கொண்டுவந்து கொடுப்பவர் மெதுவாக வைப்பார். அதற்கு முந்தைய பயணத்தில் அது காப்பாற்றும் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆகவே நான் கட்டும் பெட்டிக்கு ஒரே விதி. தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் உள்ளே எதுவும் நகரக் கூடாது. அடியைத் தாங்குவது ஒரு வேலை, நகராமல் பிடிப்பது இன்னொரு வேலை. அதனால் இரண்டு பெட்டி வேண்டும். உள்பெட்டியின் வேலை பிடிப்பு மட்டுமே. ஒவ்வொரு கேக்கும் தனிக் குழியில் உட்கார்ந்து, மேலேயும் குமிழ் போன்ற மூடி வரும் பிளாஸ்டிக் பெட்டிகள் கேக் செய்யும் பொருள் விற்கும் இடங்களில் கிடைக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். வட்டம் வெட்டிய அட்டைத் தட்டு கையில் எடுத்துக்கொண்டு போகத்தான் சரி. அந்த உள்பெட்டியை, எல்லாப் பக்கமும் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் இடம் இருக்கும் புது நெளி அட்டைப் பெட்டிக்குள் வைத்து, அடியிலும் மேலும் பக்கங்களிலும், முக்கியமாக மூலைகளிலும், கசக்கிய தாளைத் திணியுங்கள். பபிள் ராப் இருந்தால் உள்பெட்டியைச் சுற்றி இரண்டு சுற்று. கசக்கிய தாள் ஒரு முறை அமுங்கினால் முழுதாக எழாது, அதனால் போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் வையுங்கள். மூடியை அழுத்தித்தான் மூட வேண்டியிருந்தால் சரியான அளவு. டேப்பை நடு மடிப்பில் மட்டும் ஒட்டி விட்டுவிடாமல் இரு ஓரங்களிலும் குறுக்காக ஒட்டுங்கள். பாப்கார்னை நிரப்பியாகப் போடும் யோசனை சிலரிடம் உண்டு, எறும்பையும் பூச்சியையும் அது கூப்பிட்டு உட்காரவைக்கும், வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய அட்டைப்பெட்டியும் வேண்டாம், ஒரு முறை பாரம் தாங்கி ஈரக்காற்று பட்ட நெளி அட்டையில் பழைய வலு இருக்காது.

இனி க்ரீம். உயரமான சுழல் பார்க்க அழகுதான். ஆனால் எடை முழுதும் மேலே நிற்க, கேக்கோடு அதற்கு இருக்கும் பிடிப்பு ஒரு சிறு வட்டம் மட்டுமே. பக்கவாட்டில் ஒரு அடி விழுந்தால் கேக்கின் மேல்தோலையும் பெயர்த்துக்கொண்டு சாயும். தபாலில் போகிற கப்கேக்குக்கு நான் மாவைக் குறைத்து, லைனரில், அதாவது கப்கேக்கின் தாள் கிண்ணத்தில், பாதி அளவே ஊற்றுவேன். வெந்து எழுந்த பிறகும் கேக் லைனரின் விளிம்புக்குக் கீழேயே நிற்கும். மேலே மிஞ்சும் அந்த இடத்தில் க்ரீமைத் தட்டையாக நிரப்பினால் லைனரின் சுவரே அதற்கு வேலியாகிவிடுகிறது. அலங்காரம் வேண்டுமென்றால் தட்டையான க்ரீம் மேல் சர்க்கரை மணிகள், அல்லது முன்பே காயவைத்த ராயல் ஐசிங் பூக்கள். முட்டை வெள்ளையும் ஐசிங் சர்க்கரையும் சேர்ந்து கல்லாக இறுகும் ராயல் ஐசிங் பயணத்துக்குப் பிறந்த பொருள். மாவு போல உருட்டித் தேய்க்கும் சர்க்கரைப் பூச்சான ஃபாண்டன்ட் அப்படி இல்லை, காற்றில் ஈரம் அதிகமானால் வியர்த்துப் பிசுபிசுக்கும்.

அடியை விடக் கடினமான எதிரி வெப்பம், ஏனென்றால் அதை அட்டையால் தடுக்க முடியாது. வெண்ணெய் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே குழையத் தொடங்குகிறது, 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடுகிறது. வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுவது உண்டு. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். பட்டர்க்ரீம் என்பது அந்தத் தண்ணீரும் கொழுப்பும் காற்றுக் குமிழிகளும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் கலவை. ஒரு முறை முழுதாக உருகினால் அந்தப் பிடிப்பு போய்விடும், பிறகு எவ்வளவு குளிர்ந்தாலும் பழைய மென்மை திரும்பாது. வெண்ணெயில் ஒரு பங்கைக் குறைத்து ஷார்ட்டனிங் என்ற கெட்டியான சமையல் கொழுப்பைச் சேர்த்தால் கூடுதல் சூட்டைத் தாங்கும், ஏனென்றால் அது உருகும் வெப்பநிலை அதிகம். வாய்க்குள் வைத்தவுடன் கரையாமல் நாக்கில் படிவதும் அதே காரணத்தால்தான். நான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பதில்லை, சுவை போன பிறகு வடிவம் நின்று என்ன பயன் என்பது என் எண்ணம். மற்றவர்கள் பாதிக்குப் பாதி போடுகிறார்கள், அதில் தவறு என்று சொல்ல மாட்டேன்.

சாக்லேட் பூசினால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நன்றாக டெம்பர் செய்த, அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தி உருக்கி ஆறவைத்த, சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும் படிக வடிவில் இருக்கிறது. வழியில் உருகி மறுபடி இறுகினால் அந்த ஒழுங்கு குலைந்து, மேலே சாம்பல் வெள்ளையாகப் படலம் பூக்கும். சாப்பிடுவதில் தீங்கு எதுவும் இல்லை, ஆனால் பார்ப்பவர்கள் பூஞ்சை என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். சாக்லேட் அனுப்பினால் இதை ஒரு வரி எழுதி உள்ளே வையுங்கள்.

அழகு கெடுவதைவிடப் பெரிய விஷயம் உடம்புக்குக் கெடுதல் வருவது. க்ரீம் சீஸ் ஃப்ராஸ்டிங், அடித்த க்ரீம், கஸ்டர்ட், பேஸ்ட்ரி க்ரீம் நிரப்பியது, புதுப் பழம் வைத்தது, இவற்றை முறையான குளிர்ச் சங்கிலி, அதாவது வழி முழுதும் குளிர் குறையாத ஏற்பாடு, இல்லாமல் அனுப்பாதீர்கள். இப்படிப்பட்ட உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், 32 டிகிரிக்கு மேலான சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறையினர் சொல்லும் கணக்கு. உங்கள் பார்சல் இரண்டு நாள் வழியில் இருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மனிதத் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக இருப்பது, க்ரீமில் வளர்ந்தால் அது விடும் நச்சு சூடாக்கினாலும் எளிதில் அழியாது, மணத்திலோ சுவையிலோ காட்டிக்கொடுக்காது. பத்து வயதுப் பிள்ளைகள் கூடிச் சாப்பிடப்போகிற பெட்டியில் இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

ஒரு தின்பண்டம் வெளியில் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை அதில் உள்ள தண்ணீரின் அளவைவிட, அந்தத் தண்ணீர் கிருமிகளுக்கு எவ்வளவு எட்டுகிறது என்பதே தீர்மானிக்கிறது. உணவியலில் இதை நீர்ச்செயல்பாடு என்று 0 முதல் 1 வரையான அளவில் சொல்வோம். 0.85-க்குக் கீழே உணவை நஞ்சாக்கும் பாக்டீரியாக்கள் வளர்வதில்லை, பூஞ்சை மட்டும் அதற்கும் கீழே வளரும். சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் வெண்ணெயும் நிறைய ஐசிங் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த சாதாரண பட்டர்க்ரீம், பால் சேர்க்காமல் இருந்தால், இரண்டொரு நாள் வெளியில் இருப்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். மொறுமொறு குக்கி இந்த அளவில் வெகு கீழே இருக்கிறது, அதனால்தான் வாரக்கணக்கில் நிற்கிறது. சாதாரண ஸ்பாஞ்ச் கேக் நடுவில் எங்கோ இருக்கிறது. நீங்கள் சர்க்கரையைக் குறைத்தாலோ, வாழைப்பழமோ கேரட்டோ சேர்த்தாலோ அது மேலே நகரும். உங்கள் செய்முறையைப் பார்க்காமல், கருவி வைத்து அளக்காமல், அது இத்தனை நாள் தாங்கும் என்று நான் எண் சொன்னால் அது பொறுப்பற்ற பேச்சு. இரண்டு நாள் பயணத்துக்குச் சர்க்கரையைக் குறைக்காத வெனிலா கேக்கோ சாக்லேட் கேக்கோ போதுமானது என்பது வரைக்கும் சொல்வேன். பூஞ்சை வித்துகள் அடுப்பின் சூட்டில் செத்துவிடுகின்றன, ஆறும்போதுதான் காற்றிலிருந்தும் கையிலிருந்தும் மறுபடி வந்து உட்காருகின்றன. ஆகவே சுத்தமான இடத்தில் முழுதாக ஆறவிட்டு, ஆறியவுடன் மூடுங்கள். சூடு மிஞ்சியிருக்கும்போது மூடினால் உள்ளே நீராவி படிந்து லைனர் கழன்றுகொண்டு வரும், பூஞ்சைக்கும் அதுவே பிடித்த சூழல்.

பலர் செய்யும் ஒரு தவறு, கேக்கை முந்தைய நாளே செய்து ஃபிரிட்ஜில் வைப்பது. காய்ந்துபோவதால் மட்டும் கேக்கும் ரொட்டியும் பழசாவதில்லை. 1852-ல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ, ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்து வைத்த ரொட்டியும் இறுகிப்போவதைக் காட்டினார். வெந்தபோது தளர்ந்த மாவுச்சத்து ஆறிய பிறகு மெல்ல மறுபடி படிகமாக இறுகுகிறது, அந்த இறுக்கம் ஃபிரிட்ஜ் வெப்பநிலையில்தான் வேகமாக நடக்கிறது. ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே ஒன்று வெளியில், இல்லை ஃப்ரீசரில். நடுவில் வேண்டாம். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சேர்த்த கேக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும், தபாலுக்கு நான் பெரும்பாலும் எண்ணெய் கேக்தான் செய்கிறேன்.

உறைந்த கேக்கை அப்படியே பெட்டியில் வைத்து அனுப்பலாமா என்றால், அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். கல்லாக உறைந்த க்ரீம் முதல் சில மணி நேரம், அதாவது பெட்டி அதிகமாகக் கைமாறும் நேரத்தில், நசுங்காது. ஆனால் தெர்மாகோல் உறை இல்லாத பெட்டியில் அந்தக் குளிர் அன்று மாலை வரைகூட நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கப்கேக்கையும் உறைந்த பிறகு கிளிங் ஃபிலிம் என்ற மெல்லிய ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள், உருகும்போது ஈரக்காற்று ஃபிலிமின் வெளிப்புறத்தில் முத்துமுத்தாகப் படியும், கேக்கின் மேல் படியாது. பெற்றுக்கொள்பவர் அறை வெப்பத்துக்கு வரும் வரை ஃபிலிமைப் பிரிக்கக் கூடாது, இதை மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

குளிராகவே போய்ச் சேர வேண்டும் என்றால் தெர்மாகோல் பெட்டியும், உறையவைத்துப் போடும் ஜெல் பேக்கும் வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகி முடிய 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும், ஜெல் பேக்கும் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் கணக்கு கிட்டத்தட்ட அதுவே. அது எத்தனை மணி நேரம் வரும் என்பது தெர்மாகோலின் தடிமன், வெளி வெப்பம், பெட்டியில் உள்ள காலி இடம் மூன்றையும் பொறுத்தது, ஆகவே பாக்கெட்டில் அச்சிட்ட மணி நேரத்தை நம்பாமல் உங்கள் பெட்டியில் ஒரு வெப்பமானியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஜெல் பேக்கை மேலே வையுங்கள், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அதற்கும் கேக்குக்கும் நடுவில் ஒரு அட்டை இருக்கட்டும், ஈரமும் பாரமும் நேராகப் படாமல். உலர்பனி எனப்படும் டிரை ஐஸை வீட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும் அது வெறுங்கையில் பட்டால் புண்ணாகும், உருகாமல் நேராக வாயுவாகி ஒரு கிலோ ஐந்நூறு லிட்டருக்கும் மேல் விரியும், காற்றுப் போக வழியில்லாத பெட்டியில் அடைத்தால் வெடிக்கும். விமானத்தில் போகும் பார்சலில் அதை அபாயப் பொருளாகவே அறிவிக்க வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், கேக்கையும் க்ரீமையும் சேர்த்தே அனுப்ப மாட்டேன். வெறும் கப்கேக்குகளை உறையவைத்துச் சுற்றி, பட்டர்க்ரீமை ஒரு பைப்பிங் பையில், அதாவது க்ரீம் பிழியும் கூம்புப் பையில், நிரப்பி நுனியை வெட்டாமல் இறுகக் கட்டி, அதை ஜிப் பைக்குள் போட்டு, ஒரு நாசில், ஒரு சிறு டப்பா வண்ண மணிகள், நான்கு வரிக் குறிப்பு எல்லாம் சேர்த்து அனுப்புவேன். க்ரீம் வழியில் எவ்வளவு குழைந்தாலும் பைக்குள்தான் இருக்கும், உருகாத வரை அரைமணி ஃபிரிட்ஜில் வைத்துக் கையால் பிசைந்தால் சரியாகிவிடும். பத்து வயதுப் பெண்ணுக்கு, முடிந்த கப்கேக் பன்னிரண்டு வருவதைவிட, தானே சுழற்றிப் போட பை வருவதில் சந்தோஷம் அதிகம் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்று அவள் தோழிகளுக்கும் அதுவே விளையாட்டு. இது சமாளிப்பு என்று நினைக்காதீர்கள், என்னிடம் வெளியூருக்குக் கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

முடித்தே அனுப்ப வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் இரண்டாவது வழி, ஜாரில் அடுக்குவது. கப்கேக்கை இரண்டாக வெட்டி, திருகுமூடி உள்ள பிளாஸ்டிக் ஜாரில் கேக், க்ரீம், கேக், க்ரீம் என்று மூடி வரை இடைவெளி இல்லாமல் நிரப்பினால், தலைகீழாக வைத்தாலும் நகர இடமில்லை. கண்ணாடி ஜார் எடையும் கூட, உடைந்தால் ஆபத்தும் கூட. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி ஜாருக்குள்ளேயே மாவை ஊற்றி வேகவைத்து, சூட்டோடு மூடி, காற்றுப் புகாமல் அடைத்து மாதக்கணக்கில் வைக்கலாம் என்று ஒரு முறை பரவிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். காற்றில்லாத, ஈரமான, புளிப்பில்லாத அந்தச் சூழல் உயிருக்கே ஆபத்தான போட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமிக்கு ஏற்றது, அதன் வித்துகள் கேக் வேகும் சூட்டில் சாவதில்லை. ஆறிய கேக்கை ஜாரில் அடுக்கி இரண்டு மூன்று நாளில் சாப்பிடுவது வேறு, அடைத்துச் சேமிப்பது வேறு.

கப்கேக்தான் வேண்டும் என்றில்லை என்றால் வேலை எளிது. பிரவுனியைத் துண்டு போடாமல் முழுப் பலகையாகச் சுற்றி அனுப்புங்கள், வெட்டாத விளிம்பு காயாது. பவுண்டு கேக், ஃப்ரூட் கேக் இரண்டும் அடர்த்தியானவை, ஓரிரு நாளில் சுவை கூடவும் செய்யும். வெண்ணெய் குக்கியைத் தட்டையாக அடுக்காமல், இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து, நாணயச் சுருள் போலச் செங்குத்தாக நிறுத்தி இறுக்கினால் உடைவது வெகுவாகக் குறையும். இரண்டு முறை சுடும் பிஸ்காட்டியை எப்படி வேண்டுமானாலும் அனுப்பலாம். மொறுமொறுப்பானதையும் மெத்தென்றதையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள், ஈரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து இரண்டும் கெடும். புதினா வாசனை உள்ளதைத் தனி டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் பெட்டி முழுதும் அதே வாசனை.

பெட்டிக்குள் ஒரு தாளில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று முழுதாக எழுதுங்கள். கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற பருப்புகள், சோயா, எள் இவற்றில் எது இருந்தாலும் தனியாகக் கோடிட்டுக் காட்டுங்கள். பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளில் யாருக்கு எது ஒவ்வாது என்று உங்களுக்குத் தெரியாது, அதே கரண்டி அதே தட்டு வேர்க்கடலையைத் தொட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். சுட்ட நாளும், எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் இருக்கட்டும். வேறு நாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் பால், முட்டை, தேன் சேர்ந்தவற்றுக்குப் பல நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு, சுங்கத்தில் பல நாள் நிற்கவும் கூடும், அங்கே எது செல்லும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விற்பனைக்கு அனுப்பத் தொடங்கினால் உரிமம் வேறு கதை, அதை உங்கள் பகுதி உணவுத் துறையிடம்தான் கேட்க வேண்டும்.

கட்டணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கவுண்டரில் திகைக்காமல் இருக்க ஒரு வரி. பல கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்கின்றன, உண்மை எடையைவிட அது அதிகமாக இருந்தால் அதற்கே பணம். 40, 30, 20 அளவுப் பெட்டி ஒன்று 4.8 கிலோவாகிவிடும், உள்ளே பன்னிரண்டு கப்கேக்கின் எடை ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். க்ரீமைத் தனியாக அனுப்பினால் உயரம் குறையும், கட்டணமும் குறையும்.

சனிக்கிழமை பிறந்தநாள் என்றால் ஞாயிறோ திங்களோ சுட்டு, ஆறவைத்து, உறையவையுங்கள். அதே நாளில் ஒரே ஒரு கப்கேக்கை மாதிரிக்கு எடுத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த பெட்டியில் அதே மாதிரிக் கட்டி, மேசை உயரத்திலிருந்து பத்து முறை கீழே போட்டு, வீட்டின் சூடான மூலையில் ஒரு இரவு வைத்துத் திறந்து பாருங்கள். அது சொல்லும் குறையைச் செவ்வாய்க்கிழமை சரிசெய்ய நேரம் இருக்கும். புதன் காலை, கூரியர் வண்டி கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி முன்பு ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கட்டிக் கொடுங்கள். வெள்ளி போய்ச் சேரும், ஒரு நாள் தாமதமானாலும் சனிக்கிழமை. வியாழக்கிழமை கொடுத்தால் சனிக்கிழமைதான் சேரும், அதுவும் தவறினால் திங்கள் வரை ஏதோ ஒரு கிடங்கில் நிற்கக்கூடும். கண்காணிப்பு எண்ணை அக்காவுக்கு அனுப்பிவிட்டு, யாராவது வீட்டில் இருந்து வாங்கும்படி சொல்லுங்கள், வாசலில் வெயிலில் கிடக்கும் இரண்டு மணி நேரம் இவ்வளவு உழைப்பையும் வீணாக்கிவிடும். பெட்டியைத் திறந்தவுடன், எதையும் எடுப்பதற்கு முன், மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அதில் தெரியும், முடிந்தால் அந்தப் படத்தை எனக்கும் காட்டுங்கள்.